கையில் காசில்லாமல் திருமலை பார்க்கலாமா?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து கம்பஸ் பிள்ளைகள் மூன்று பேர் இரண்டு நாள் திருகோணமலைக்கு வருகிறார்கள். படுக்க ஒரு நண்பன் வீடு இருக்கிறது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் ஒன்றும் இராது. டிக்கெட் எடுக்காமல் இங்கே என்ன பார்க்கலாம்?

தம்பி, முதலில் காசு கேட்கிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன், மனதிலிருந்து அழித்துவிடுங்கள். புறாத் தீவு தேசியப் பூங்கா, அதனால் நுழைவுச்சீட்டும் வேண்டும், வள்ளத்துக்கும் கொடுக்க வேண்டும். கன்னியா வெந்நீரூற்றில் கேட்பது சின்னத் தொகைதான், ஆனாலும் சீட்டு சீட்டுத்தான். திமிங்கிலம் காட்டுகிறோம் என்று கடலுக்குள் கூட்டிப்போகிற வள்ளங்களின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். கடற்படைத் தளத்துக்குள் இருக்கிற ஓஸ்டன்பேர்க் கோட்டையும் வேண்டாம், அது நினைத்த நேரம் நுழைகிற இடமல்ல. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் காலுக்குத்தான் வேலை.

ஒரு நிபந்தனை இருக்கிறது, அது நேரம். ஆடி ஆவணியில் இங்கே கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக அடிக்கும். பத்து மணிக்குப் பிறகு நடந்தால் சரித்திரம் தெரியாது, கண் முன்னால் பூச்சிதான் பறக்கும். விடிய ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை, பின்னேரம் நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுவில் நண்பன் வீட்டில் படுத்துத் தூங்குங்கள்.

முதல் நாள் காலை பிரெட்ரிக் கோட்டை. பஸ் நிலையத்திலிருந்து நடை தூரம்தான். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓட்டோவில் ஏறி, வாயிலைத் தாண்டி, நேராகக் கோணேசர் கோவிலில் போய் இறங்குவார்கள். கும்பிட்டு, படம் எடுத்து, திரும்பிவிடுவார்கள். நீங்கள் வாயிலிலேயே நில்லுங்கள். மேலே 1675 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. அது ஒல்லாந்தர் காலம். பிறகு பக்கத்துச் சுவரைப் பாருங்கள். வெயில் சரிவாக விழும் நேரமென்றால் இரட்டை மீன் செதுக்கிய கல் கண்ணில் படும். பாண்டியரின் சின்னம் அது. பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளோடு இன்னொரு கல்லும் இருக்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்கிற பாட்டின் துண்டு என்று ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். முழுப் பாட்டையும் பாடிக் காட்டுகிறவர்களும் உண்டு. கல்லில் மிஞ்சியிருப்பதோ சில எழுத்துகள்தான்.

பாண்டியனின் மீனுக்குக் கோட்டைச் சுவரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தக் கோட்டையே கோவிலைப் பிரித்த கல்லில் எழுந்ததுதான். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்தார்கள், கொன்ஸ்தந்தீனு த சா தளபதியாக இருந்த காலம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம் அது. கற்களில் ஒரு பங்கு கடலுக்குப் போனது, ஒரு பங்கு கோட்டைக்கு வந்தது. சோடகங்கன் என்பவன் வந்ததைச் சொல்கிற 1223ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் துண்டும் இதே கோட்டைக்குள் கதவு நிலைக்கல்லாகக் கிடந்துதான் கிடைத்தது. ஆகவே இங்கே நடக்கும்போது சுவரில் கை வைத்துக்கொண்டே நடங்கள் என்பேன். கோட்டைக்கென்று கொத்திய கல்லுக்கும் கோவில் கல்லுக்கும் வித்தியாசம் சில இடங்களில் விரலுக்கே தெரியும்.

அப்புறம் கோட்டை கைமாறிய கதை. ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆளாளுக்குப் பிடித்தார்கள். 1782ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள்: ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்ட்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் வந்து அவர்களைத் துரத்தினார். பிறகு ஒல்லாந்தரிடம் திரும்பப் போய், 1795இல் மறுபடி ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் 1803இல் இட்டது. ஆங்கிலேயக் கடற்படை இந்த ஊரை விட்டுப் போனது 1957இல், சுதந்திரம் கிடைத்து ஒன்பது வருடம் கழித்து.

கோட்டைக்குள் ஆதர் வெல்லஸ்லி தங்கிய வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். பின்னாளில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன் அவர்தான். இங்கே காய்ச்சலில் படுத்ததால் கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் மூழ்கிப்போனது, திருமலைதான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அவர் இங்கே வந்தது உண்மை. காய்ச்சலில் படுத்துக் கப்பலை விட்டது பம்பாயில், 1801இல். கதையைக் கேளுங்கள், தலையாட்டுங்கள், காசு கொடுக்காதீர்கள். என் மச்சான் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தபோது, ஒருவன் கோவில் ஆள் மாதிரிக் கூடவே நடந்து, நாலு கதை சொல்லிவிட்டுக் கடைசியில் ஆயிரம் ரூபா கேட்டான். கூட வருகிறவரிடம் தொடக்கத்திலேயே "இல்லை அண்ணை, நாங்கள் சும்மா பார்க்க வந்தனாங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கோபிக்க மாட்டார்கள்.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். மான்கள் நிற்கும், எத்தனை வேண்டுமானாலும் படம் எடுங்கள். புள்ளிமான்கள். இந்த ஊரில் மாடு மாதிரி மான் றோட்டில் படுத்திருக்கும், பஸ் நிலையம் வரைக்கும் வந்து குப்பையைக் கிளறும். பாவம், பொலித்தீனையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. பிஸ்கட் கொடுக்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

மேலே கோவில். இப்போது நீங்கள் பார்ப்பது 1963இல் குடமுழுக்குக் கண்ட கோவில். அதற்கு முந்திய கதைதான் எனக்குப் பிடித்தது. 1950இல் கோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிணறு வெட்டியபோது மண்வெட்டியில் வெண்கலம் தட்டுப்பட்டது. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் என்று வரிசையாக விக்கிரகங்கள் வெளியே வந்தன. போர்த்துக்கேயன் வருமுன் யாரோ அவசரமாகப் புதைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். 1956இல் கடலுக்கடியில் சுழியோடிய மைக் வில்சனும் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் பாறை அடிவாரத்தில் பழைய கோவிலின் தூண்களைக் கண்டார்கள். வில்சன் எடுத்த லிங்கம் கோவிலுக்கு வந்தது. மேலே நின்று கீழே கடலைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். விலை கூடிய செருப்போடு மட்டும் போகாதீர்கள், கழற்றி வைத்துவிட்டுச் சாமி கும்பிட மனம் ஓடாது.

இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் மரத்தில் சின்னச் சின்னத் தொட்டில்கள் கட்டியிருக்கும், பிள்ளை வரம் கேட்டுக் கட்டுவது. அதைத் தாண்டிப் பாறை விளிம்பில் கம்பி வேலியோரம் அரை மணித்தியாலம் உட்காருங்கள். திமிங்கிலம் பார்க்க வள்ளத்துக்குக் கொடுக்கத் தேவையில்லை என்று சொன்னது இதற்காகத்தான். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை, கடல் அடங்கிக் கிடக்கிற காலையில், இந்தப் பாறையிலிருந்தே நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவது தெரியும். தரையில் நின்று நீலத் திமிங்கிலம் பார்க்க உலகத்தில் இப்படிக் கிடைக்கிற இடம் மிகக் குறைவு. காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. திருமலைத் துறைமுகத்தின் வாயிலிலிருந்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. பெரிய கப்பல்கள் தயக்கமில்லாமல் உள்ளே வருவதற்கும், திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கும் அந்த ஆழமே காரணம். தெரியாத ஆளுக்கு எல்லா அலையும் திமிங்கிலமாகத் தெரியும். நீங்கள் தேட வேண்டியது உடம்பையல்ல, புகை மாதிரி நேராக எழும்பி, காற்றில் மெதுவாகக் கலைகிற தூவலை. ஒன்று கண்ட இடத்திலேயே கண்ணை வைத்திருங்கள், சில விநாடிகளில் மறுபடி வரும். பல தடவை ஊதிவிட்டு வாலைத் தூக்கி உள்ளே போனால் அடுத்த பத்து நிமிடம் கதை பேசலாம். நானே போன எல்லா நாளும் கண்டதில்லை. நாலு தரம் போனால் ஒரு தரம் என்று வையுங்கள்.

இறங்கி வந்து, வெயில் ஏறுமுன் பழைய சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்கு, ஒரு நடை போங்கள். எஸ்பிளனேட் மைதானத்துப் பக்கம், பத்திரகாளி அம்மன் கோவிலுக்குக் கிட்ட. (காளி கோவில் கோபுரத்தையும் அண்ணாந்து பாருங்கள், நிறம் நிறமாக உருவங்கள் நெருக்கியடித்து நிற்கும்.) சேமக்காலையின் கேற் சில நாள் பூட்டியிருக்கும். அப்படியென்றால் மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டு வாருங்கள், ஏறிக் குதிக்காதீர்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி சாள்ஸ் ஒஸ்டின் இந்த ஊர் மண்ணில்தான் கிடக்கிறார். கிழக்கிந்தியக் கடற்படையின் தளபதியாக இருந்து, 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் வாந்திபேதி வந்து இறந்தவர். உடலை இங்கே கொண்டுவந்து அடக்கினார்கள்.

எனக்கு அவரைவிட நெருக்கமானவர் பேர்சி மோல்ஸ்வேர்த். கொழும்பில் 1867இல் பிறந்த இராணுவப் பொறியியலாளர். திருமலையில் சொந்தமாகத் தொலைநோக்கி வைத்து இரவிரவாக வியாழனையும் செவ்வாயையும் வரைந்துகொண்டிருந்தார். வியாழனின் தெற்குப் பகுதியில் பெரிய கலக்கம் ஒன்று தோன்றியதை 1901இல் முதலில் கண்டவர் இவர்தான். 1908இல் இந்த ஊரிலேயே இறந்தார். செவ்வாயில் ஒரு பெருங்குழிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். திருமலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் நான் வகுப்பெடுத்த காலத்தை நினைத்துத் தலை குனிய வேண்டியதுதான். ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பின்னேரம் டச்சுக் குடா. ஊரே அங்கே வரும். குடும்பம் குடும்பமாக மணலில் இருக்கும், பிள்ளைகள் அலைக்கும் கரைக்குமாக ஓடும், இறால் வடை வண்டி பக்கத்தில் புகை விடும். தமிழ், சிங்களம், முஸ்லிம் ஆட்கள் எல்லாரும் ஒரே மணலில். வலதுபுறமா இடதுபுறமா என்று யோசிக்காமல் கோட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பி இருங்கள். காலையில் நடந்த அதே பாறை, மாலை வெளிச்சத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த நாள் பின்னேரம் இதை விட்டுவிட்டு உட்துறைமுக வீதியில் நடங்கள். அங்கே அலையே இல்லை. மலை சூழ்ந்த குளம் மாதிரித் தண்ணீர், அக்கரையில் சீனன்குடாவின் மாவு ஆலை, நடுவில் நங்கூரமிட்ட கப்பல்கள். ஒரே ஊரின் ஒரு பக்கம் இரைகிறது, மறுபக்கம் வாய் திறப்பதில்லை. சூரியன் இறங்குவதும் இந்தப் பக்கம்தான்.

இரண்டாம் நாள் காலைதான் முக்கியம், அலாரம் வையுங்கள். நிலாவெளி பஸ்ஸில் ஏறி உப்புவெளியில் இறங்கிக் கடற்கரைக்குப் போனால் கரைவலை இழுப்பார்கள். தினமும் நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். கடல் குழம்பிக் கிடக்கிற கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வலை வீட்டில்தான் கிடக்கும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வாய்ப்பு அதிகம்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றும் விளங்காது. கரையில் இரண்டு கூட்டம், நடுவில் நீண்ட இடைவெளி. இரண்டு கூட்டமும் ஆளுக்கொரு கயிற்றை இழுக்கும், ஆனால் வலை எங்கே என்று தெரியாது. அது கடலுக்குள் பெரிய வளையமாகக் கிடக்கிறது. விடியுமுன் தோணியில் போய்ச் சுற்றி விட்டுவிட்டு வந்திருப்பார்கள். கயிற்றை இடுப்பில் கொடுத்து, பின்னால் நடந்து நடந்து இழுப்பார்கள். ஆகக் கடைசியில் நிற்பவர் தன் முறை முடிந்ததும் விட்டுவிட்டு, தண்ணீரோரம் ஓடிப் போய் முதல் ஆளாகப் பிடிப்பார். இன்னொருவர் வந்து சேருகிற கயிற்றை வட்டமாகச் சுற்றி அடுக்குவார். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலோ போடுவார்கள். இழுவை கனக்கும்போது பாட்டு நிற்கும், பல்லைக் கடிக்கிற சத்தம்தான் கேட்கும்.

இரண்டு கூட்டமும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வரும். அதைப் பார்த்துத்தான் வலையின் பை போன்ற மடி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது என்று காகத்துக்கும் தெரியும். இரண்டு மூன்று பேர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மீன் வலைக்கு மேலால் பாயாமல் தண்ணீரை அடிப்பார்கள். மடி மணலில் ஏறும்போது முழுக்க வெள்ளிச் சிலிர்ப்பு. சூடை, நெத்தலி, கீரி, காரல், அதிர்ஷ்டம் இருந்தால் நாலைந்து பாரை. சில நாள் பாசியும் சொறிமுட்டையும்தான். அந்த நாளில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் முகத்தைப் பார்த்தால் பக்கத்தில் போகத் தோன்றாது.

கேட்டால் கயிற்றில் உங்களையும் பிடிக்க விடுவார்கள். நான் பதினாறு வயதில் பிடித்து, உள்ளங்கை இரண்டும் உரிந்து, ஒரு கிழமை சோறு பிசைய முடியாமல் அக்கா ஊட்டிவிட்டாள். ஆனால் அன்றைக்குக் கறிக்கு என்று ஒரு கை சூடை தந்தார்கள். வீட்டுக்குள் மீனோடு நுழைந்தபோது அப்பா வைதது மீனுக்கா கைக்கா என்று இன்றைக்கும் விளங்கவில்லை. நீங்கள் பிடித்தால் ஒரு துவாயைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். மீன் தந்தால் நண்பன் வீட்டம்மாவிடம் கொடுங்கள், படுக்க இடம் தந்ததற்குக் கணக்கு முடிந்துவிடும்.

கடலில் குளிப்பதென்றால் உப்புவெளியிலேயே குளியுங்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் குளிக்கிற இடத்தில், இடுப்பளவுக்கு மேல் போகாமல். கரையோரம் ஹோட்டல்கள் கதிரை போட்டிருக்கும். கதிரை அவர்களுடையது, மணல் எல்லாருடையது. யாராவது எழும்பச் சொன்னால் ஈர மணலுக்கு நகர்ந்து இருங்கள், அங்கே ஒருவரும் வந்து கேட்க மாட்டார்.

குளித்துத் துடைத்துக்கொண்டு றோட்டுக்கு வந்தால் அதே நிலாவெளி வீதியில் யுத்த மயானம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த முந்நூறு பேருக்கு மேல், ஒரே அளவான கற்கள், வரிசை பிசகாமல். வாசலில் சீட்டு இல்லை, சத்தமும் இல்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அன்றைக்கே, இங்கிருந்து வெளியேறிய ஹேர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கடித்தார்கள். கற்களில் வயதைப் படித்துக்கொண்டே போங்கள். பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. உங்கள் வயதுதான்.

இன்னும் தூரம் போக ஆசைப்பட்டால் பஸ் காசோடு கிண்ணியாப் பாலம் பார்க்கலாம். 396 மீற்றர், 2009இல் திறந்தது. அதற்கு முன் பாதையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் பாதை என்றால் நடக்கிற வழி, எங்களுக்கு அது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப்போகிற மிதவை. பாலத்தில் நடந்து போய்த் திரும்பலாம், காற்று நன்றாக இருக்கும். வெல்கம் விகாரைக்கும் போகச் சொல்லி ஆசைதான். இராஜராஜப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்தில் பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி, தமிழில் எழுதிய தானக் கல்வெட்டுகள் அங்கே கிடைத்தன. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போக ஓட்டோ பிடிக்க வேண்டிவரும், அது உங்கள் கணக்குக்கு ஒத்துவராது. வேலை கிடைத்த பிறகு வாருங்கள்.

நாளை நீங்கள் தெரிவு செய்யலாம் என்றால் இரண்டு காலம் சொல்கிறேன். ஒன்று, மகா சிவராத்திரி முடிந்த கையோடு. கோணேசர் மலையை விட்டு இறங்கி நாள்கணக்கில் ஊர் சுற்றுவார். வீட்டு வாசலெல்லாம் நிறைகுடம், விளக்கு. சாமி எந்த நேரம் எந்தத் தெருவுக்கு வரும் என்று சனம் விழித்துக் காத்திருக்கும், தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தலில் குடிக்கவும் கிடைக்கும். மற்றது நவராத்திரிக் கடைசி இரவுகள். கும்பம் எடுத்து வீதியில் ஆடிவருவார்கள், மேளம் விடியும் வரை ஓயாது. இரண்டுக்கும் ஊர் நிரம்பி வழியும். நண்பன் வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டச்சுக் குடாவில் இருக்கும்போது கச்சான் கடலை விற்கிற பெடியன் மூன்று தரமாவது உங்களைக் கடந்து போவான். அவனுக்கு மட்டும் சில்லறை எடுத்து வையுங்கள்.